சுட்டுப் பார்த்த பிறகே முதல் பிஸ்டல் வாங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்பாராதவிதமாகக் குண்டு பாய்ந்தது" என்ற வரி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. நான் ராணுவத்தின் இ.எம்.இ. எனப்படும் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவில் ஆர்மரராக, அதாவது கைத்துப்பாக்கி முதல் மெஷின் கன் வரை பழுது பார்ப்பவனாக, இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் "எதிர்பாராதவிதமாக" என்ற இடத்தில் மனசு நின்றுவிடுகிறது. வெடித்தது, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலாக இருந்தால், என்ன நடந்திருக்கும் என்பதை அந்த இடத்தைப் பார்க்காமலே பெரும்பாலும் என்னால் சொல்லிவிட முடியும்.

துடைக்க உட்கார்ந்தவர், தோட்டா அடுக்கிய பெட்டியான மேகசினைக் கழற்றியிருப்பார். கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைத்திருப்பார். அதற்கு முன்பே மேகசினிலிருந்து ஒரு ரவுண்டு, அதாவது ஒரு தோட்டா, மேலேறி, குழாயின் பின்முனை அறையான சேம்பருக்குள் உட்கார்ந்திருக்கும். மேகசின் மேஜை மேல் இருந்தாலும் அந்த ஒன்று உள்ளேயே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துச் சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டு விரலை விட்டும் தடவிப் பார்த்தால்தான் காலியா இல்லையா என்று சொல்ல முடியும். வரிசை மாறினாலும் ஆபத்துதான். மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால், சேம்பரில் இருந்த ரவுண்டு வெளியே தெறிக்கும், அடுத்தது உள்ளே ஏறிவிடும். ரவுண்டு வெளியே விழுந்ததைப் பார்த்தவர் காலியாகிவிட்டது என்று நம்பி டிரிகரை அழுத்துவார். ஆகவே முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, பிறகு கண், பிறகு விரல். இதில் ஒன்றைக்கூட முன்பின் மாற்றக் கூடாது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. கணியம்பாடி பக்கத்தில் இருக்கிறேன். பக்கத்தில் கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். இந்த வட்டாரத்தில் ஆயுதம் தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்றால் விசாரித்துக்கொண்டு வருவார்கள். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை வைத்திருப்பவர், குடியாத்தத்தில் நகைக்கடை வைத்திருப்பவர், பணி முடிந்து வந்த சுபேதார்கள், உரிமம் கிடைத்த மகனை அழைத்துக்கொண்டு வரும் அப்பாக்கள் என எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, முதல்ல எந்த பிஸ்டல் வாங்கலாம்?" அடுத்த பேச்சும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். "சட்டைப் பையில போட்டா தெரியக் கூடாது. சின்னதா, வெயிட்டு இல்லாம ஒண்ணு சொல்லுங்க." கடைக்காரர் எடுத்து நீட்டுவதும் அப்படி ஒன்றாகவே இருக்கிறது. புதியவர் கையில் போகக் கூடாதது எதுவோ, அதுவே முதலில் போய்ச் சேருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சுருக்கினாலும் இந்தப் பொருளை விட்டுவிடாமல் வெளியிட வேண்டுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பொதுமக்களுக்கு 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம். இணையத்தில் பார்த்துவிட்டு கிளாக், பெரெட்டா என்று பெயர் சொல்லிக் கேட்கும் தம்பிகளுக்கு அத்தோடு பேச்சு முடிந்தது. கிடைப்பது பெரும்பாலும் பாயின்ட் 32, அதாவது 7.65 மி.மீ. துளை; இலக்குச் சுடுதலுக்கு பாயின்ட் 22. உரிமத்துக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத்தில் அதைக் கொடுக்கும் அதிகாரம் கலெக்டருக்கு. 2019-ல் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக்கினார்கள். இரண்டே இரண்டு என்ற வரம்பு இருக்கும்போது முதலில் வாங்குவது தப்பாகப் போனால் அதை விற்று மாற்றுவதற்குள் எத்தனை கையெழுத்து, எத்தனை நடை என்பதைப் பட்டவர்களிடம் கேட்டால் தெரியும்.

விலையும் லேசுப்பட்டதில்லை. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பொதுமக்களுக்கு நின்றுபோனது. அதற்கு முன் வந்த வால்தர், கோல்ட், பிரௌனிங், வெப்லி எல்லாம் கைமாறிக் கைமாறி, வயதுக்குச் சம்பந்தமே இல்லாத விலையில் நிற்கின்றன. உள்நாட்டில் அரசுத் தொழிற்சாலைகள் தயாரிக்கும் பாயின்ட் 32 அஷானி இருக்கிறது. தனியார் தயாரிப்பும் வரத் தொடங்கிவிட்டது. பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இவ்வளவு கொடுத்து வாங்குவதை ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்காமல் வாங்குகிறார்கள்.

இப்போது அந்தச் சின்ன பிஸ்டலுக்கு வருகிறேன். சின்னதாக இருந்தால் சுடுவது சுலபம் என்று நினைப்பது முழுக்கத் தப்பு. எடை குறைந்தால் உதைப்பு கையில் கூடுதலாகத் தெரியும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டு விரல் காற்றில் தொங்கும். மீதி விரல்கள் மட்டும் பிடித்திருக்கும் துப்பாக்கி ஒவ்வொரு சுடுதலுக்கும் கைக்குள் நகர்ந்து உட்காரும். குழாய் குட்டையானால், குறி பார்க்க உதவும் முன் பார்வைக்கும் பின் பார்வைக்கும் உள்ள இடைவெளி குறையும். இடைவெளி 10 செ.மீ. இருக்கும் பிஸ்டலில் முன் பார்வை 1 மி.மீ. பிசகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும். அதே பிசகு, இடைவெளி 16 செ.மீ. உள்ள பிஸ்டலில் ஆறு செ.மீ. சொச்சத்தோடு நிற்கும். பழகிய கைக்கே இந்த வித்தியாசம் தெரியும்போது, புதுக் கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சின்ன பிஸ்டல் நிறையச் சுட்டுப் பழகியவர்களுக்கு உரியது.

அடுத்தது ஸ்லைடு. இதைப் பற்றி யாருமே கேட்பதில்லை, நானாகத்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாயின்ட் 32 பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் குழாயைப் பூட்டிப் பிடிக்கும் அமைப்பு கிடையாது. சுடும் நொடியில் பின்பக்கத்தை மூடி வைத்திருப்பது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான். அதனால் ஸ்பிரிங்கைக் கெட்டியாக வைத்திருப்பார்கள். ரவுண்டு சின்னது, ஆனால் ஸ்லைடை இழுக்கப் பலம் வேண்டும். ஸ்லைடே சின்னதாக இருந்தால் பிடித்து இழுக்க இடமும் இருக்காது. அறுபது வயதுக்கு மேல் உரிமம் வாங்கும் வியாபாரிகள், விரல் மூட்டு வலி உள்ள பெண்கள் பாதி இழுத்து விட்டுவிடுகிறார்கள். பாதி இழுத்த ஸ்லைடில் ரவுண்டு குறுக்கே சிக்கும். சிக்கியதை எடுக்கிறேன் என்று பதற்றத்தில் குழாயை யார் பக்கம் திருப்புகிறோம் என்பதையே மறந்துவிடுவார்கள். கடையில் நிற்கும்போதே காலித் துப்பாக்கியைப் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். பத்தாவது தடவையும் முழுசாக வந்தால்தான் அது உங்களுக்கு ஆகும். இழுத்த ஸ்லைடைக் கையோடு கொண்டுபோய் மெல்ல மூடாமல் விட்டுவிட வேண்டும், அதன் ஸ்பிரிங்கே மூடிக்கொள்ளட்டும்.

பிடிக்கும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுழலும் உருளையில் தோட்டா போடும் ரிவால்வர் பழக்கத்தில் இடது கட்டை விரலைப் பின்னால் கொண்டுபோய் வலது கை மேல் போடுவார்கள். ரிவால்வரில் அதனால் ஒன்றும் ஆகாது. பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் பாய்ந்து வரும்போது கட்டை விரல் மூட்டை அறுத்துவிடும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தாலும் கோளாறு வரும். ஸ்லைடு முழு தூரம் போக முடியாமல் சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி ஸ்லைடின் வாயில் செங்குத்தாகச் சிக்கிக்கொள்ளும். "பீஸு சரியில்ல" என்று என்னிடம் கொண்டு வந்தவற்றில் பல, நான் கையில் எடுத்துப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

என்னைப் போன்ற முன்னாள் ராணுவத்தினருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நாம் பழகியது இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டல், பிரௌனிங் ஹை பவர் வடிவம், மேகசினில் 13 ரவுண்டு. அதில் மேகசின் இல்லாமல் டிரிகர் வேலை செய்யாது. காலி செய்து காட்டும்போதும் வெறும் மேகசினைத் திரும்ப மாட்டித்தான் டிரிகரை அழுத்துவோம். பல வருடம் இதிலேயே பழகிய கைக்கு, மேகசின் இல்லாத பிஸ்டல் சுடாது என்ற நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது. எல்லா பிஸ்டலும் அப்படி இல்லை. பழைய பிரௌனிங் 1910 மாடலில் அந்தத் தடுப்பு இருக்கிறது. வால்தர் பிபி-யில் கிடையாது. மேகசினைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டாலும் சேம்பரில் ஒன்று இருந்தால் சுடும். எனவே வாங்கப் போகும் துப்பாக்கியில் அந்தத் தடுப்பு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உண்டு என்று சொன்னாலும் அதை நம்பி நடக்காதீர்கள். தவறிச் சுடாமல் பூட்டும் சேஃப்டி பொத்தான் எந்தப் பக்கம் போனால் பூட்டு, எந்தப் பக்கம் போனால் திறப்பு என்பதும் ஒரு பிஸ்டலுக்கும் மற்றொன்றுக்கும் மாறும். சில பழைய பிஸ்டல்களில் அந்தப் பொத்தான் தேய்ந்து, தானே நழுவுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாயின்ட் 32 ரவுண்டின் அடிப்பாகத்தையும் கொஞ்சம் பாருங்கள். விளிம்பு லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் அடுக்கும்போது மேல் ரவுண்டின் விளிம்பு, கீழ் ரவுண்டின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய் மாட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஸ்லைடைத் தட்டினாலும் இழுத்தாலும் இது சரியாகாது. மேகசினை வெளியே எடுத்துத்தான் பிரிக்க வேண்டும். 1899-ல் ஜான் பிரௌனிங் இந்த ரவுண்டை வடிவமைத்த நாளிலிருந்து அதன் உடம்பு இதுதான். அவசரமாக நிரப்பாதீர்கள். ஒவ்வொன்றையும் பின்பக்கம் முழுவதும் தள்ளி, அடுத்ததை அதன் மேல் முன்னாலிருந்து சறுக்கிக் கொண்டு வந்து வையுங்கள்.

பழைய பிஸ்டல் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாலிஷ் பளபளப்பைப் பார்த்து மயங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மேகசினை. மேகசினின் மேல் உதடு நெளிந்திருந்தால் உலகத்திலேயே நல்ல பிஸ்டலும் ஜாம் ஆகும். அந்தக் காலத்து மேகசினுக்கு இப்போது மாற்று கிடைப்பதில்லை. பட்டறையில் தட்டிச் செய்ததை மாட்டியிருப்பார்கள். அடுத்தது குழாய்: வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் நடுவில் மோதிரம் போட்டது மாதிரி நிழல் விழக் கூடாது, விழுந்தால் அங்கே வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்லைடின் வாய் மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். காலிக் குப்பியை இழுத்து எடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் நுனி உடைந்திருக்கிறதா பாருங்கள். ஐம்பது வருடத்து ஸ்பிரிங் தளர்ந்துதான் இருக்கும். அதற்கு மாற்று கிடைக்குமா என்று கேட்ட பிறகே பணத்தை எடுங்கள். உடம்பில் இருக்கும் நம்பரும் காகிதத்தில் இருக்கும் நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தாத்தா காலத்துத் துப்பாக்கி என்ற பெருமைக்காக வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதைக் கொண்டு கற்றுக்கொள்ள முடியாது.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? தினமும் பழக மாட்டேன், மாதம் ஒரு தடவைகூட எண்ணெய் போட மாட்டேன், பீரோவில் இருந்தால் போதும் என்பவர் செமி ஆட்டோமேட்டிக் பக்கமே வர வேண்டாம் என்பது என் கருத்து. அவருக்கு ரிவால்வர் நல்லது. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்து 2014-ல் வெளிவந்த நிர்பீக் போன்ற பாயின்ட் 32 ரிவால்வரில் உருளையைத் திறந்தால் எல்லா அறையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். துப்பாக்கியே தேவைதானா என்பதையும் வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அப்படிப் பேசிவிட்டு வராமலே போனவர்கள் உண்டு, அதில் எனக்குச் சந்தோஷமே.

கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையோடு வருபவருக்கு நான் சொல்வது முழு அளவு பாயின்ட் 22 இலக்கு பிஸ்டல். கை நிறையப் பிடி, நீண்ட குழாய், அசைத்துத் திருத்திக்கொள்ளும் பின் பார்வை இருக்கும், உதைப்பு பெயருக்குத்தான். பயந்து கண்ணை மூடும் பழக்கம் இதில் தொற்றிக்கொள்வதில்லை. அந்தப் பழக்கம் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் கழற்ற வருடக்கணக்கு ஆகும். ஸ்லைடையும் சின்னப் பிள்ளை இழுத்துவிடும். அப்போது நம் ராணுவத்தில் இருந்த விஜய் குமார் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியது 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில். அது பாயின்ட் 22 செமி ஆட்டோமேட்டிக்தான். ஐந்து இலக்கு, ஐந்து ரவுண்டு, முதலில் 8 நொடி, அடுத்து 6, அடுத்து 4. "இருபத்திரண்டுதானே, பொம்மை" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் அந்த 4 நொடியை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதே காரணத்தால் அதைப் பொம்மையாக நினைக்கவும் கூடாது. பாயின்ட் 22 குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். "பாலாத்து மணல்ல யாரும் இல்லாதப்போ சுட்டுப் பழகலாமா?" என்று கேட்ட தம்பியிடம் அன்றைக்குக் கோபப்பட்டேன், இன்றைக்குக் கேட்டாலும் கோபப்படுவேன். மாடு ஓட்டிப் போகிறவர் கரையின் எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறி வரலாம். ரேஞ்சுக்கு வெளியே பழகுவது என்ற பேச்சே கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது: காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. துளைக்கு மேற்படாமல், 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இல்லாமல் இருந்தால் அதற்கு உரிமம் தேவையில்லை. மனு பாக்கர் 2024 பாரிஸில் பதக்கம் வாங்கிய பிறகு காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்திலிருந்து பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் ஏர் பிஸ்டலில் ஒரு வருடம் இருக்கட்டும் என்கிறேன். டிரிகர் மேல் விரல் எப்போது போக வேண்டும், எப்போது போகக் கூடாது என்பதை அந்த ஒரு வருடம் கற்றுக்கொடுத்துவிடும். அப்படி வந்த பிள்ளைகள் பாயின்ட் 22-ஐக் கையில் எடுக்கும் அழகே வேறு. விரல் நீட்டியபடி துப்பாக்கியின் உடம்போடு ஒட்டியிருக்கும், குழாய் தரையையோ இலக்கையோ தவிர வேறெங்கும் திரும்பாது. உரிமம் வாங்கி வருடக்கணக்கான பெரியவர்களிடம் அந்த ஒழுங்கை நான் பார்த்தது குறைவு.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு விஷயம், உறை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்கும்போது தோலுக்கு என்ன பஞ்சம்! தெரிந்த கைவினைக்காரரிடம் கொடுத்து அழகாகத் தைத்துக்கொண்டு வருகிறார்கள். தைத்தது போதாது, டிரிகர் வளையம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். தோல் விறைப்பாக இருக்க வேண்டும், செருப்பின் மேல் பகுதிக்கு வெட்டும் மெல்லிய தோலில் தைத்தால் வாய் ஓரம் மடிந்து வளையத்துக்குள் போய், துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது விரல் மாதிரியே டிரிகரை அழுத்திவிடும். எடுத்துப்போகத்தான் உறை, வைத்துப் பாதுகாக்க இல்லை. பதனிட்ட தோலில் உப்பும் ஈரமும் தங்கும். ஒரு மழைக்காலம் உறைக்குள்ளேயே வைத்தால் தோல் பட்ட இடமெல்லாம் துரு பூக்கும். எண்ணெய்த் துணியில் துடைத்து, இரும்புப் பெட்டியில், ரவுண்டுகளை வேறு பூட்டில் வையுங்கள். தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போதும் அப்படியே உறையோடு கொடுத்துவிடுகிறார்கள். குழாய்க்குள் எண்ணெய் விட்டுக் கொடுங்கள். திரும்ப வாங்கியதும் சுடுவதற்கு முன் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்து எடுங்கள்.

ஜவ்வாது மலைப் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் ஒரு காலத்தில் குழாய்க்குள் குச்சியை விட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தே மருந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உரிமம் இல்லாத அந்தத் துப்பாக்கிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் காலியா என்று சோதித்துப் பார்க்கும் அந்தப் புத்தி, லட்ச ரூபாய் பிஸ்டல் வாங்குபவருக்கும் வர வேண்டும். சினிமாவில் வீரன் பேசும்போதெல்லாம் ஸ்லைடை இழுத்து விடுகிறான். இழுக்காத துப்பாக்கி காலி என்று அதைப் பார்க்கும் பிள்ளைகள் மனதில் பதிந்துபோகிறது.

கடைசியாக என் கோரிக்கை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பவரிடம் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றைக் கேட்கின்றன. நல்ல விதி. அந்தப் பயிற்சியில் எந்த வகைத் துப்பாக்கி வாங்கப் போகிறாரோ அதே வகையைக் கையில் கொடுத்து, காலி செய்வது, ஜாம் எடுப்பது, கழற்றி மாட்டுவது எல்லாவற்றையும் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகே சான்று தர வேண்டும். நீண்ட ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு வந்தவர் மறுவாரம் பிஸ்டல் வாங்குவது கார் ஓட்டிக் காட்டி லாரி உரிமம் வாங்குவதற்குச் சமம். அடுத்தது, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் ரைஃபிள் கிளப்புகளும் சேர்ந்து, புதிதாக உரிமம் வாங்கியவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று வகை பிஸ்டலை முறையான மேற்பார்வையில் சுட்டுப் பார்க்க, மாதத்தில் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். தோட்டாவுக்கு உரிய பணத்தை அவர்களே கட்டட்டும். எந்தப் பிடி கைக்கு அடங்குகிறது, எந்த ஸ்லைடு இழுக்க வருகிறது என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாங்கவே வேண்டாம் என்று முடிவு செய்பவர்களும் அன்றைக்கே தெரிந்துவிடுவார்கள்.

பத்திரிகையாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய விபத்துச் செய்தியில் அது பிஸ்டலா ரிவால்வரா, மேகசின் கழற்றியிருந்ததா, சேம்பரில் ரவுண்டு இருந்ததா என்பதைக் காவல் துறையிடம் கேட்டு இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். படிக்கும் உரிமதாரர் ஒருவர் உடனே எழுந்து போய்த் தன் பீரோவைத் திறந்து பார்ப்பார்.

அப்படி ஒரு பயிற்சி நாள் இந்த மாவட்டத்தில் எங்கே நடந்தாலும் சம்பளம் எதிர்பார்க்காமல் வந்து, துப்பாக்கிகளைச் சோதித்துக் கொடுக்கவும் காலி செய்யும் முறையைச் சொல்லித் தரவும் தயாராக இருக்கிறேன். என்னோடு பணியாற்றிய ஆர்மரர்கள் அணைக்கட்டு, ஆற்காடு பக்கங்களில் இருக்கிறார்கள். அவர்களையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் (ஆர்மரர்), இ.எம்.இ.,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.